‘காய்ச்சல்’ என்று எழுதப்பட்ட விடுப்புக் கடிதம்: மருத்துவக் கல்வி இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். இராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் அரசுப் பள்ளிகளில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் படித்த மீனவர் வீட்டுப் பையன் ஒருவன், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தபோது ஊரே மகிழ்ந்தது. இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்கு முன், உறக்கமும் பசியும் கெட்டு, உயிரோடிருக்கவே விருப்பமில்லை என்ற நிலையில் அவன் வீடு திரும்பினான். அவன் சட்டைப்பையிலிருந்த விடுப்புக் கடிதத்தில் ‘மன உளைச்சல்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே ‘காய்ச்சல்’ என்று எழுதியிருந்தான்.

எங்கள் கரையில் மனநோய் என்றாலே ஏர்வாடிதான் நினைவுக்கு வரும். 2001 ஆகஸ்டு 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டனர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை தன் மனம் நோகிறது என்று எளிதில் வாய் திறப்பதில்லை. திறக்கத் துணிந்தாலும், கல்லூரியில் ஆலோசனை வழங்கப் பொறுப்பேற்றிருந்தவர் அவனுக்கு அகமதிப்பெண் இடும் ஆசிரியர். “டாக்டராக இவன் லாயக்கில்லை என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது, சார்?” என்று அவன் கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை.

இது ஒருவனின் துயரம் மட்டுமன்று. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் அளித்த அறிக்கையின்படி, ஆய்வில் பங்கேற்ற 25,590 இளநிலை மாணவர்களில் 16.2 விழுக்காட்டினரும், 5,337 முதுநிலை மாணவர்களில் 31.2 விழுக்காட்டினரும், தற்கொலை எண்ணம் வந்ததாகக் கூறியுள்ளனர். வாரப் பணி 74 மணிநேரத்தைத் தாண்டக்கூடாது என்றும் அக்குழு பரிந்துரைத்தது. அதுவே மிகுதி என்பது என் எண்ணம்.

மாணவர்களின் மனநலம் பேண 2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘மனம்’ திட்டத்தை மனமார வரவேற்கிறேன். ஆனால், மதிப்பெண்ணிலும் வருகைப்பதிவிலும் எந்த அதிகாரமும் இல்லாத, வெளியிலிருந்து வரும் ஆலோசகர் ஒருவர் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரிக்கும் வேண்டும். உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய, அவரிடம் சொன்னது கல்லூரி முதல்வர் அறைக்குப் போகக்கூடாது.

பையன் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அன்று விடுதியில் ஒரு சீனியர் அண்ணன் இரவெல்லாம் உடனிருந்து, 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழைத்துப் பேச வைத்து, மறுநாளே ஊருக்கு அழைத்து வந்தார். மனநல மருத்துவரிடம் அவன் தொடர்ந்து சிகிச்சை பெறுகிறான். அடுத்த கல்வியாண்டுக்குள், விடுப்புப் படிவத்தில் ‘உடல்நலம்’ என்பதோடு ‘மனநலம்’ என்றும் அச்சிட ஆணையிடுமாறு தங்களைப் பணிந்து வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியர்,
தேவிபட்டினம்.