க்லோ - ரோ - ஃபில்

புதுச்சேரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பச்சையத்தின் பிரெஞ்சுப் பெயரைக் கூட்டத்தில் 'ஷ்லோரோஃபீய்' என்று சொல்லிவிட்டதாகவும், அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை என்றும் நேற்று போனில் சொன்னாயே, அதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவள், உனக்கு இதை விட்டுவிட்டேன்.

சொல்லை எங்கே பிரிப்பது என்று தெரிந்துகொண்டால் பாதி உச்சரிப்பு வந்துவிடும். க்லோ - ரோ - ஃபில் (chlorophylle). மூன்று அசை. தொடக்கத்தில் உள்ள சி, ஹெச், எல் மூன்றையும் பிரிக்கக் கூடாது. பிரெஞ்சில் பூனையை (chat) 'ஷா' என்கிற பழக்கத்தில் உனக்கு 'ஷ' வந்திருக்கிறது. இது கிரேக்க வேர்ச்சொல். சி, ஹெச்சுக்குப் பின்னால் எல் வந்தால் 'க்'தான். 1817-ல் பாரிஸில் பெல்த்தியே, காவாந்தூ என்ற இரண்டு மருந்தாளுநர்கள் இலையின் பச்சையைப் பிரித்தெடுத்து, வெளிர்பச்சைக்கும் இலைக்குமான கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இந்தப் பெயரை வைத்தார்கள்.

கடைசி அசையில் நீ தடுமாறியதற்குக் காரணம் நானாகவும் இருக்கலாம். சின்ன வயதிலிருந்து உன்னை 'மா ஃபீய்' (ma fille), என் மகளே, என்றுதானே கூப்பிடுகிறேன். அந்தச் சொல்லில் இரட்டை எல்லுக்கு முன்னால் ஐ இருக்கிறது. அதனால் 'ய்' ஆகிறது. பச்சையத்தின் பெயரில் இருப்பது ஒய். லகரம் லகரமாகவே ஒலிக்கும். இங்கிலீஷ் மாதிரி முதல் அசையை அழுத்தாதே, கடைசி அசையைக் கொஞ்சம் நீட்டு.

உன் வேலையில் அடிக்கடி வரும் இன்னொன்று, கூட்டுயிர் வாழ்வைச் சொல்லும் 'ஸேம்-பியோஸ்' (symbiose). அதில் எம் முதல் அசையோடு முடிகிறது. அதனால் மூக்கால் வருகிற ஏகாரம் மட்டும் கேட்கும், மகரம் கேட்காது. சமச்சீருக்கு 'ஸி-மே-த்ரி' (symétrie). அதே முன்னொட்டுதான், ஆனால் எம் அடுத்த அசைக்குப் போய்விடுகிறது. உடனே இகரம் தெளிவாகிவிடுகிறது, பார். எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த இடம் இது.

மோன்பெல்லியேக்காரர்கள் 'க்லோ-ரோ-ஃபி-ல' என்று நாலு அசையாகச் சொல்கிறார்கள் என்றாயே, அதுவும் சரிதான். பிரான்சின் தெற்கில் கடைசி எழுத்தை விழுங்க மாட்டார்கள். உனக்கு எது வாயில் வருகிறதோ அதைச் சொல்.

வியாழக்கிழமை பேசுவதற்கு முன்னால் போன் பண்ணு. பத்துத் தரம் சொல்லிக்காட்டு, நான் கேட்கிறேன்.

அம்மா