ஏப்ரல் 5 பொதுச் சாப்பாடு: எல்லோரும் படித்துப் பதில் போடவும்

அனைவருக்கும் வணக்கம். 2026 ஏப்ரல் 5, ஞாயிறு மதியம் 12.30 மணிக்கு நம் பொது அறையில் சேர்ந்து சாப்பிடுகிறோம். அன்று கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் குடும்பங்களுக்கு ஈஸ்டர், யூதக் குடும்பங்களுக்கு பாஸ்கா பண்டிகை வாரத்தின் நடு, ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோருக்கோ ஈஸ்டர் 12ஆம் தேதிதான் என்பதால் இறைச்சி, பால், முட்டை தொடாத தவக்காலம் இன்னும் முடிந்திருக்காது. அதனால் முழுச் சாப்பாடும் வீகனாகவே, அதாவது விலங்குகளிடமிருந்து வரும் எதுவும் சேராததாகவே இருக்கட்டும், யாரும் வெறும் தட்டோடு உட்காரக் கூடாது.

1. நெய், வெண்ணெய், தயிர், தேன் எதுவும் வேண்டாம்.

2. பாஸ்காவுக்கு கோதுமை, பார்லி, ஓட்ஸ் சேர்த்த பண்டங்கள் ஆகாது. ரவையும் மைதாவும் கோதுமைதான். சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை இருக்கும், பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்.

3. அரிசி, பருப்பு வகைகளைச் சில யூதக் குடும்பங்கள் அந்த வாரம் சாப்பிடும், சில சாப்பிடாது. அவற்றைத் தனி மேசையில், தனிக் கரண்டியோடு வைப்போம். உருளைக்கிழங்கு, பீட்ரூட், காளான் என்றால் கவலையே இல்லை.

4. கோஷர் என்ற யூத உணவு விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றுகிறவர்கள் நம் வீட்டுப் பாத்திரத்தில் சமைத்ததைச் சாப்பிட மாட்டார்கள். தயவுசெய்து வற்புறுத்த வேண்டாம். அவர்களுக்கென்று நறுக்காத பழங்களும், பாஸ்காவுக்கு ஏற்றது என்று முத்திரை போட்ட, பிரிக்காத பொட்டலங்களும் வாங்கி வைக்க இரண்டு பேர் வேண்டும், யார் வருகிறீர்கள்?

5. சேர்த்த பொருள்களை ஒரு சீட்டில் எழுதிப் பாத்திரத்தில் ஒட்டிவிடுங்கள்.

எத்தனை பேர் வருகிறீர்கள், என்ன கொண்டு வருகிறீர்கள், யாருக்கு எது ஒவ்வாது, இந்த மூன்றையும் மார்ச் 29 இரவுக்குள் இங்கேயே போடுங்கள். அப்புறம்தான் பட்டியல் போட முடியும்.