கமெண்ட்டுக்குள்ள மாட்டுன அடைப்புக்குறி

ஆசிரியருக்கு வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்துல இருந்து எழுதுறேன், உங்க கணினிப் பக்கத்துல ஆட்டோகான்ஃப் (Autoconf) பத்தி கட்டாயம் போடுங்க. ப்ரோகிராம கம்பைல் பண்றதுக்கு முன்னாடி சிஸ்டத்த சோதிக்கிற கான்ஃபிகர் ஸ்க்ரிப்ட உருவாக்கித் தர்ற டூல் அது. எங்க ப்ரோகிராமுக்கான configure.ac ஃபைல்ல [0-9]னு எழுதுனா கான்ஃபிகர் ஸ்க்ரிப்ட்ல வெறும் 0-9 தான் வந்துச்சு, ஏன்னா ஆட்டோகான்ஃப்ல சதுர அடைப்புதான் கோட் (quote), அதாவது மேற்கோள் குறி, உள்ள இருக்குற எம்4ங்கிற (m4) மேக்ரோ ப்ரோகிராம் ஒரு ஜோடிய உரிச்சிருது, [[0-9]]னுதான் போடணும். பாம்பன்ல கடைசி பஸ்ஸ விட்டுட்டு உக்காந்துதான் இத கண்டுபிடிச்சோம். அதவிட மோசம் கமெண்ட். மேக்ரோன்னா ஒரு பேர எழுதுனா அதுக்குப் பதிலா முழு வரிகளா விரிச்சுத் தர்றது. அதோட ஆர்க்யுமெண்ட்ல, அதாவது ( )க்குள்ள குடுக்குறதுல, கோட் குறி இல்லாம # போட்டா வரி முடியுற வரைக்கும் எல்லாமே கமெண்ட்தான், அதே வரியில இருக்குற ) கூட அதுக்குள்ள போயிரும், அப்புறம் மேக்ரோ மூடாம ஃபைல் முடிஞ்சுருச்சுன்னு எரர் வரும். #க்குப் பதிலா வரி ஆரம்பத்துல டிஎன்எல் (dnl) போட்டா அந்த வரி அவுட்புட்டுக்கே வராது, # போட்டா வரும். கீழக்கரை, தொண்டி பசங்களுக்கு இத தமிழ்ல சொல்லித்தர ஆளே இல்ல சார்.