‘முன்ன மாதிரி’னு ஒரு பட்டன் வைங்க: பிரௌசர் செய்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரௌசர் கம்பெனில இருக்குற ஐயா, அம்மா எல்லாருக்கும்,

வணக்கம். நான் சிங்கப்பூர்ல அங் மோ கியோவுல இருக்கேன், ஒரு ஆபீஸ்ல அட்மின் வேலை. உங்க கம்பெனி பேர வேணும்னேதான் இங்க போடல. போட்டா மத்த கம்பெனிக்காரங்க “நல்ல வேள, நாம இல்ல”ன்னு சிரிச்சிட்டு போயிருவாங்க, இது எல்லாருக்கும் சேர்த்துதான். புது வெர்ஷன்ல என்னென்ன மாத்துனீங்க, எதுக்கு மாத்துனீங்கன்னு உங்களுக்குத் தெரியும், அத நான் திருப்பிச் சொல்லப் போறதில்ல. மாத்துனதுக்கு மறுநாள் எங்க வீட்டுல என்ன ஆச்சுன்னு மட்டும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல, அதான் எழுதுறேன்.

எங்கப்பாவுக்கு 78 வயசு. தஞ்சோங் பகார் துறைமுகத்துல கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். என் மகன் பாலிடெக்னிக்ல படிக்கும்போது வாங்குன லேப்டாப் இப்ப அவர்கிட்ட இருக்கு. காலைல ஆறரைக்கு எழுந்து, பல்லு வெளக்கி, சாமி கும்பிட்டு, லேப்டாப்ப தொறந்தார்னா எட்டு மணி வரைக்கும் அவர யாரும் கூப்பிடக் கூடாது. பிரௌசருக்கு மேல வரிசையா ஆறு புக்மார்க் வெச்சுக் குடுத்திருந்தேன். அவருக்கு அதுல எழுதியிருக்குற பேரெல்லாம் கணக்கில்ல, எடம்தான் கணக்கு. இடது பக்கத்துலேருந்து மொதல்ல தமிழ் முரசு, ரெண்டாவது ‘செய்தி’ வெப்சைட், மூணாவது ஊர்ப் பேப்பர், கடைசில ராசிபலன். எழுத்து பெருசு 175 பர்சண்ட். கண்ணாடி போடாமயே படிப்பார், அதுல அவருக்கு ஒரு பெருமை.

ஒரு நாள் காலைல அந்த ஆறும் காணாம போச்சு. எழுத்து எறும்பு மாதிரி ஆயிருச்சு. நடுவுல ஒரு பெட்டி வந்து, பாதி தமிழ்ல பாதி இங்லீஷ்ல, எல்லாத்தையும் புதுசு மாதிரி ஆக்கித் தரவான்னு கேட்டுச்சாம். பெருசா நீலக் கலர்ல ஒரு பட்டன், கீழ சாம்பல் கலர்ல “இப்ப வேணாம்”னு பொடி எழுத்து. அவர் கண்ணுக்கு எது தெரியும்? நீலத்த அமுக்கிட்டார். அதோட எழுத்து அளவு, நான் தேடித் தேடிப் போட்ட தமிழ் ஃபாண்ட், பிரௌசரோட சேர்த்து வெச்சிருந்த ரெண்டு எக்ஸ்டென்ஷன்ங்கிற குட்டி ப்ரோகிராம், எல்லாம் துடைச்சு எடுத்தாச்சு.

இது நடந்து ஒன்பது நாள் எனக்குத் தெரியாது.

எப்படித் தெரிஞ்சதுன்னா, கீழ காப்பிக்கடைல தண்ணி கடை ஆண்ட்டி, சீனவங்க, என்னப் பாத்து “உங்கப்பா டெய்லி வர்றார், வேற ஆளோட பேப்பர் வாங்கிப் படிக்கிறார், கண்ணுக்குப் பக்கத்துல வெச்சுப் படிக்கிறார், கண்ணாடி இல்லயா”ன்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. மேல வந்து கேட்டா, மொதல்ல “சும்மா நடக்கப் போனேன்”னார். அப்புறம் லேப்டாப்ப பாத்தேன், அலமாரிக்கு மேல, துண்டு போட்டு மூடி வெச்சிருக்கார். தூசி படக்கூடாதுன்னாம். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வாயத் தொறந்தார்: “நான் எதையோ அமுக்கிட்டேம்மா. தம்பி சாமான் கெட்டுப் போச்சு. அவன்கிட்ட சொல்லாத.”

அம்பது டன் சரக்கத் தூக்கி கப்பல்ல வெச்ச மனுஷன் சார். ஒரு பட்டன அமுக்கிட்டோம்னு ஒன்பது நாள் பேரன் மூஞ்சியப் பாக்க வெக்கப்பட்டுக்கிட்டு இருந்திருக்கார். உங்க ரிலீஸ் நோட்ஸ்ல இதுக்கு ஒரு வரி போடுவீங்களா?

நடுவுல ஒரு தடவ அவரே லேப்டாப்ப பையில போட்டு சமூக மன்றத்துக்கு தூக்கிட்டுப் போயிருக்கார், அங்க வயசானவங்களுக்கு போன், கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்க ஆள் இருப்பாங்கல்ல, அங்க. ஒரு சீனத் தம்பி, ரொம்பப் பொறுமையான பையனாம், அரை மணி நேரம் உக்காந்து எழுத்த மட்டும் பெருசாக்குற செட்டிங்க கண்டுபிடிச்சுப் போட்டுக் குடுத்திருக்கான். “அங்கிள், ஓகே ஆல்ரெடி, ரைட்?”னு கேட்டிருக்கான். அப்பாவும் “ஓகே ஓகே, தேங்க்யூ பாய்”னு சொல்லிட்டு வந்துட்டார். வீட்டுல தொறந்து பாத்தா எழுத்து பெருசாத்தான் இருக்கு, ஆனா தலைப்புல மேல இருக்குற புள்ளியெல்லாம் வெட்டுப்பட்டுப் போச்சு. வரியோட உயரம் அப்படியே இருக்க எழுத்து மட்டும் பெருத்தா மேல இருக்குறது எங்க போகும், அறுந்துதான் போகும். ‘க்’கும் ‘க’வும் ஒண்ணு, ‘ம்’மும் ‘ம’வும் ஒண்ணு. ஓலைச்சுவடில புள்ளி வெக்க மாட்டாங்கன்னு படிச்சிருக்கேன், ஓலை கிழிஞ்சிரும்னு. நீங்க எங்கள அந்தக் காலத்துக்கே கொண்டு போயிட்டீங்க. அந்தத் தம்பிய நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன், அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, புள்ளி இருக்கா இல்லயான்னு அவன் எப்படிப் பாப்பான். ஆனா உங்க கிட்ட தமிழ் தெரிஞ்ச ஒருத்தர்கூட இத தொறந்து பாக்கலயா?

சரி, அந்த சனிக்கிழமை நான் உக்காந்தேன். காலைல பத்து மணிக்கு உக்காந்தது, எழுந்திருக்கும்போது சாயங்காலம் அஞ்சு. மொதல்ல எல்லாரும் சொல்ற மந்திரம், கேஷ் க்ளியர் பண்ணு, குக்கி க்ளியர் பண்ணு, அதாவது பிரௌசர் சேத்து வெச்சிருக்குறத அழி. பண்ணேன். எழுத்து அப்படியே இருந்துச்சு, ஆனா லாக்-இன் பண்ணி வெச்சிருந்த எல்லாத்துலேருந்தும் வெளிய தள்ளிருச்சு, அதுக்கு ஒவ்வொண்ணா பாஸ்வேர்ட் தேடி ஒரு மணி நேரம். அப்புறம் கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூணையும் சேர்த்து அமுக்குனா புக்மார்க் வரிசை ‘டக்’குனு வந்து நிக்குது! அங்கயேதான் இருந்திருக்கு, நீங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க. எனக்கு சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. அடுத்து, எழுத்த மட்டும் பெருசாக்குறத எடுத்துட்டு பக்கத்தையே மொத்தமா 175க்கு பெருசாக்குனேன், புள்ளி திரும்பி வந்துச்சு. தமிழுக்குத் தனியா ஃபாண்ட் போட்டேன். பக்கத்த கீழ இழுக்கும்போது கறுப்பா ஒரு பட்டை வந்து வந்து போச்சு, அது ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷன, அதாவது கிராஃபிக்ஸ் சிப்ப வெச்சு வேகமாக் காட்டுற செட்டிங்க, ஆஃப் பண்ணதும் நின்னுச்சு. இத யார் படிச்சாலும் உபயோகமா இருக்கட்டும்னு எழுதுறேன், உங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்ச விஷயம்தான்.

இதுக்கு நடுவுல, இவ்வளவு பாடு எதுக்கு, பழைய வெர்ஷனையே போட்டுருவோம்னு போட்டேன் பாருங்க, அங்கதான் எனக்குக் கோபம் வந்துச்சு. பழைய பிரௌசர் தொறந்ததும் சொல்லுது, இந்த ப்ரோஃபைல (நம்ம புக்மார்க், செட்டிங் எல்லாம் இருக்குற தொகுப்பு) புதுசுல பயன்படுத்தியாச்சு, இனிமே பழசுல தொறக்க முடியாது, வேணும்னா காலியா ஒண்ணு புதுசா ஆரம்பிச்சுக்கோன்னு. அதாவது நீங்க ராத்திரியோட ராத்திரியா எங்கள மேல் மாடிக்கு தூக்கிட்டுப் போயிட்டு, படியையும் எடுத்துட்டீங்க. டேட்டா கெட்டுப் போகாம இருக்கத்தான் இப்படின்னு காரணம் சொல்லுவீங்க. காரணம் சரிதான். ஆனா தூக்குறதுக்கு முன்னாடி, “ஏறுனா எறங்க முடியாது”ன்னு ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த, படிக்கிற சைஸ்ல சொல்லியிருக்கலாம்ல?

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. ‘முன்ன மாதிரி’னு ஒரு பட்டன் வைங்க. உள்ள நீங்க என்ன வேணும்னாலும் மாத்திக்கோங்க, வெளிய எங்க கண்ணுக்கும் கைக்கும் பழகுனது இருக்கட்டும்.

“செக்யூரிட்டி”ன்னு சொல்லுவீங்க, தெரியும். அப்டேட் பண்ணாம இருக்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும், ஓட்டைய அடைக்கணும், ஒத்துக்குறேன். ஆனா ஓட்டைய அடைக்கிறதுக்கும் வாசக்கதவ பெயர்த்து அடுத்த செவுத்துல வெக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்? முடியாதுன்னா பரவால்ல, முடியுமே. ஃபயர்ஃபாக்ஸ்ல ஈஎஸ்ஆர்னு ஒண்ணு 2012லேருந்தே இருக்கு, அதுல பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வந்துக்கிட்டே இருக்கும், மத்ததெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவ போலத்தான் மாறும். குரோம் 2021 செப்டம்பர்ல நாலு வாரத்துக்கு ஒரு வெர்ஷன்னு மாறுச்சு, ஆனா அப்பவே கம்பெனி அட்மினுங்களுக்கு எட்டு வாரத்துக்கு ஒண்ணுன்னு மெதுவா ஒரு பாதை போட்டுக் குடுத்துச்சு. அப்ப பெரிய ஆபீஸ்காரங்க கேட்டா மெதுவாப் போக வழி இருக்கு, மூணு ரூம் வீட்டுல ஒக்காந்து ராசிபலன் படிக்கிற கிழவருக்கு இல்ல. “அந்த ஈஎஸ்ஆரையே போட்டுக்க வேண்டியதுதான”ன்னு கேக்காதீங்க. அப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்கே அந்த சனிக்கிழமை நாலு மணிக்குத்தான் தெரியும், எங்கப்பா அத எந்த மூலைல போய்த் தேடுவார்?

இன்னொண்ணு, சொல்ல வேணாம்னுதான் நெனச்சேன், வந்துருச்சு. தமிழ இணையத்துல ஏத்துனதுல எங்க ஊருக்குப் பெரிய பங்கு இருக்கு. 1990கள்ல நா. கோவிந்தசாமி ஐயா இங்க உக்காந்து அதுக்குப் பாடுபட்டார், 1997ல தமிழ் இணைய மாநாடு இங்க நடந்துச்சு, 2000ல நடந்த மாநாட்டுலதான் கம்ப்யூட்டர்ல தமிழ வளர்க்குற உத்தமம்ங்கிற உலக அமைப்பு உருவாச்சு. அந்தக் காலத்துல அப்பா கூட்டாளி ஒருத்தர் எழுதுன கவிதைங்க, யூனிகோடு பரவுறதுக்கு முன்னாடி இருந்த திஸ்கிங்கிற தமிழ் எழுத்து முறைல, பக்கமா சேவ் பண்ணி ஒரு ஃபோல்டர்ல இருக்கு. அந்தக் கூட்டாளி இப்ப இல்ல. முன்னல்லாம் பக்கத்த எந்த எழுத்து முறைல படிக்கணும்னு சொல்ற என்கோடிங் மெனுவுக்குப் போய் மாத்தி, ஃபாண்ட்ட மாத்தி, எப்படியோ படிச்சிருவோம். ஃபயர்ஃபாக்ஸ் 2021ல அந்த மெனுவ ஒரே ஒரு பட்டனா சுருக்கிருச்சு, குரோம் அதுக்கும் முன்னாடியே தூக்கிருச்சு. யாரும் அத பயன்படுத்தல, அதான் எடுத்தோம்னு சொல்றீங்க. எங்கப்பா யாரும் இல்லயா? இப்ப எல்லாரும் பயன்படுத்துற யூனிகோடு எழுத்து முறைக்கு மாத்திக் குடுக்குற கருவி இருக்கு, நான் ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டு இருக்கேன், அது என் பாடு, விடுங்க.

விடுங்கன்னு சொல்லிட்டேன், ஆனா இத விட முடியல. இங்க போலீஸ், பேங்க், டிவி, லிஃப்ட்டுல ஒட்டுற போஸ்டர், எல்லாரும் ஓயாம சொல்றாங்க: திடீர்னு வர்ற பெட்டிய அமுக்காதீங்க, சந்தேகமா இருந்தா ஸ்கேம் உதவி நம்பர் 1799க்கு போன் பண்ணுங்க. அப்பா அத வேத வாக்கா எடுத்துக்கிட்டவர். நல்ல பிள்ள மாதிரி எதையும் அமுக்காம இருந்தவர மொதல் தடவ அமுக்க வெச்சது ஸ்கேம்காரன் இல்ல, நீங்க. கேக்காம வந்த பெட்டி, அவசரம், கண்ணப் பறிக்கிற பட்டன், வேணாம்னு சொல்ல பொடி எழுத்து. ஸ்கேம்காரன எப்படிக் கண்டுபிடிக்கணும்னு சொல்லிக் குடுக்குற வகுப்புல இதத்தான சார் அடையாளம்னு காட்டுறாங்க. இப்ப நான் அவர்கிட்ட எத அமுக்கு, எத அமுக்காதன்னு சொல்றது?

கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்னா மன்னிச்சிருங்க. உங்கள்ல நல்லவங்க இருப்பாங்க, தமிழ்ல மொழிபெயர்க்கிறவங்கள்ல நெறையப் பேர் சம்பளம் வாங்காம செய்ற தன்னார்வலர்னும் தெரியும், அவங்களுக்கு என் கும்பிடு. நான் நஷ்டஈடு கேக்கல, மன்னிப்புக் கடிதம் கேக்கல. தயவுசெஞ்சு, பெரிய மாற்றம் வரும்போது முன்கூட்டியே கேளுங்க, ‘வேணாம்’ங்கிற பட்டனையும் ‘சரி’ அளவுக்குப் பெருசா வைங்க, எழுத்து அளவையும் புக்மார்க் வரிசையையும் தொடாதீங்க, தமிழ்ல வர்ற பக்கத்த தமிழ் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட 175ல ஒரு தடவ காட்டுங்க. இதெல்லாம் முடியலன்னா கூட அந்த ஒரு பட்டன் போதும். ‘முன்ன மாதிரி’. அவ்வளவுதான்.

போன வாரம் மேல வலது மூலைல மறுபடி “அப்டேட்”னு ஒண்ணு வந்து ஒக்காந்திருக்கு. அப்பா அமுக்கல. முதுகு வலிக்குப் போடுற பிளாஸ்டர்ல ஒரு துண்டு வெட்டி, ஸ்கிரீன்ல அந்த எடத்துக்கு மேல ஒட்டி வெச்சிருக்கார். அதோடதான் தினமும் பேப்பர் படிக்கிறார். அடுத்தது வர்றதுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்ல, அதுக்குள்ள எதாவது பாத்துப் பண்ணுங்க.

இப்படிக்கு,
அங் மோ கியோவுலேருந்து ஒரு மகள்