அந்தப் பல்லு எங்கய்யா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க விளையாட்டுப் பக்கத்துல பள்ளிக்கூட ஹாக்கி போட்டி செய்தி போட்டிருந்தீங்க. ஒரு பையன், வாயெல்லாம் ரத்தம், மேல் வரிசையில முன்பல்லு ஒண்ணு இல்ல, கோப்பையைத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு சிரிக்கிறான். கீழ கொட்டை எழுத்துல "பல் போனாலும் கோப்பை போகவில்லை", ஒரு ஆச்சரியக்குறி பத்தாதுன்னு மூணு. பல்லு போனா சொல்லு போச்சுன்னு நம்ம பெரியவங்க சொல்லி வச்சிருக்காங்க, உங்க ஆபீஸ்ல அதை கோப்பைக்கு மாத்திட்டாங்க போல.

என் ஒட்டுக்கடையில காலையில பசியாற வந்தவங்க எல்லாரும் அந்தப் பக்கத்தை கைமாத்தி கைமாத்தி பாத்து சிங்கக்குட்டிடான்னாங்க. நான் தோசைக்கல்லு பக்கத்துல நின்னுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், அந்தப் பல்லு எங்க? யாருக்கும் தெரியல. உங்க நிருபரும் எழுதல. யாரு கோல் போட்டது, எத்தனாவது நிமிஷம், எந்த வைபி, அதான் மக்கள் பிரதிநிதி, வந்து பரிசு குடுத்தாரு, அவரு எவ்வளவு மானியம் தர்றேன்னு சொன்னாரு எல்லாம் இருக்கு, பல்லு மட்டும் இல்ல. இன்னொண்ணும் பாத்தேன் ஐயா, கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாத்தேன். அந்தப் பையனுக்குப் பின்னால ஒரு மேசை, அதுமேல பால் பாக்கெட்டு அடுக்கி வச்சிருக்கு. அதைப் பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சிருச்சு. ஏன்னு சொல்றேன்.

என் மூத்தவனுக்கு 14 வயசு அப்ப, ஃபார்ம் 2. சனிக்கிழமை போட்டி, எதிர் டீம் பையன் ஓங்கின மட்டை இவன் வாயில பட்டுருச்சு. மேல் முன்பல்லு வேரோட வந்து புல்லுல விழுந்துருச்சு. கூட போன வாத்தியாரு நல்ல மனுஷன், தேடி எடுத்துட்டாரு, எடுத்து குழாயடியில சோப்பு போட்டு தேய் தேய்ன்னு தேய்ச்சு டிஷ்யூல சுத்தி சட்டைப் பையில வச்சிக்கிட்டாரு. அவரை நான் குத்தம் சொல்லமாட்டேன், அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தா? பக்கத்துல பல் கிளினிக் மூடியிருக்கு, ஒருத்தரு காடி புடிச்சு ஈப்போ போறதுக்குள்ள ரெண்டரை மணி நேரம். அங்க டாக்டரம்மா பிரிச்சா டிஷ்யூ காஞ்சு வேர்ல அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு, சொட்டு சொட்டா தண்ணி விட்டு உரிச்சு எடுத்தாங்க. எடுத்துட்டு என்னைப் பாத்து மெதுவா கேட்டாங்க, அம்மா, ஒரு பாக்கெட்டு பால்ல போட்டு எடுத்துட்டு வந்திருக்கலாமேன்னு. பால்மரம், அதான் ரப்பர் மரம், சீவிப் பால் எடுத்து வளந்த குடும்பம் ஐயா நாங்க, எங்கம்மா விடியக்காலை நாலு மணிக்கு விளக்கைத் தலையில கட்டிக்கிட்டு மரத்துக்குப் போனவங்க, பாலைப் பத்தி எனக்கு இன்னொருத்தர் சொல்ல வேண்டியதா போச்சே.

வேர் மேல மெல்லிசா ஒரு சவ்வு இருக்காம், அதுக்கு உயிர் இருக்கு, வெளியில காஞ்சு ஒரு மணி நேரம் தாண்டிட்டா அது செத்துடுமாம். பால்ல கிடந்தா கொஞ்சம் தாங்கும். சோப்பு போட்டு தேய்ச்சா அதுவும் போச்சு. இருந்தாலும் டாக்டரம்மா பல்லைத் திருப்பி வச்சு பக்கத்துப் பல்லுங்களோட கம்பியில கட்டி ரெண்டு வாரம் விட்டாங்க, அப்புறம் வேரு உள்ள சுத்தம் பண்ணி அடைச்சாங்க. ஆனா சவ்வு செத்த பல்லை எலும்பு தன்னோட சேத்துக்கிடுமாம். கொஞ்சம் கொஞ்சமா வேரைத் தின்னுடுச்சு. வளர்ற பையன், மத்த பல்லெல்லாம் தாடையோட இறங்குது, இது மட்டும் மேலயே நின்னு குட்டையா தெரிஞ்சுச்சு. 17 வயசுல எடுத்துட்டாங்க. எலும்புல பதிக்கிற இம்ப்ளாண்ட் பல்லு வைக்கலாமான்னா தாடை வளந்து முடியணும், அது வரைக்கும் பிளாஸ்டிக் பல்லு. அவனுக்கு இப்ப 20. ராத்திரி அதைக் கழட்டி மைலோ டின்னு மூடியில தண்ணி ஊத்தி அதுல போட்டு வச்சிட்டுதான் தூங்கறான். கல்யாண வீட்ல போட்டோ எடுக்கக் கூப்பிட்டா கை கழுவிட்டு வர்றேன்னு போயிடுவான், வரமாட்டான். நீங்க போட்ட படத்துல அந்தப் பையன் சிரிக்கிறான் இல்ல, என் மவனும் அன்னிக்கு சிரிச்சான் ஐயா.

உங்களுக்குத் தெரியாதது இல்ல, பெரிய பத்திரிகை நடத்தறீங்க. மூணு வருஷத்துக்கு முன்ன தோட்டத் திடலை எடுத்து செம்பனை கன்னு நட்டதைப் பத்தி ஒரு கடிதம் எழுதினேன், பாதியை வெட்டிட்டு மிச்சத்தைப் போட்டீங்க, எங்க ஊர் பேரையும் தப்பா போட்டீங்க. சரி, இடம் இல்லன்னு நெனச்சிக்கிட்டேன். ஆனா இங்கிலீஷ்காரன் பந்தாட்டத்துக்கு ரெண்டு பக்கம் இருக்கு, ராசிபலனுக்கு ஒரு பக்கம் இருக்கு, பல்லை வெள்ளையாக்கற விளம்பரம் கால் பக்கம் இருக்கு. மருத்துவப் பக்கத்துல பல்லுன்னா கிராம்பு, வேப்பங்குச்சி, உப்புத்தண்ணி, அதைத் தாண்டி ஒரு வரி வந்ததில்ல. 1975-ல கோலாலம்பூர்ல நடந்த ஹாக்கி உலகக் கோப்பையில நம்ம மலேசியா நாலாவதா வந்ததை வாய்ப்பு கிடைக்கறப்பல்லாம் எழுதறீங்க, எழுதுங்க, எனக்கும் பெருமைதான். இன்னிக்கு திடல்ல நிக்கிற பிள்ளைங்க வாயில என்ன மாட்டியிருக்குன்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?

இதுல எனக்கு ரொம்ப நாள் ஆறாத விஷயம் ஒண்ணு. மவனுக்கு வேர் அடைச்சப்ப டாக்டரம்மா ஊதுபத்தி குச்சியை விட மெல்லிசா ரோஸ் கலர்ல எதையோ உள்ள விட்டாங்க. என்னம்மா இதுன்னு கேட்டேன், கட்டா பெர்ச்சான்னாங்க. அது கெத்தா பெர்ச்சா ஐயா, மலாய்ப் பேரு, நம்ம காட்டு தாபான் மரத்துப் பிசின். ஒரு காலத்துல கடலடி தந்திக் கம்பிக்கு உறை போட மரம் மரமா வெட்டி சாய்ச்சு எடுத்துட்டுப் போனாங்க. 1890-ல லண்டன்ல வூல்ஃப் க்ராவுஸ்னு ஒரு பல் டாக்டர் குத்துச்சண்டைக்காரங்க உதடு கிழியாம இருக்க மேல் பல்லுக்கு ஒரு காப்பு செஞ்சாரு, அதுவும் இதே பிசின்லதான். அப்ப நம்ம பக்கத்துக் காட்டு மரத்துல இருந்து போன பிசினு லண்டன்காரன் உதட்டைக் காப்பாத்தியிருக்கு. அதுக்கு முன்னாடியே, 1877-ல, இங்க பக்கத்துல கோலகங்சார்ல ரப்பர் கன்னு நட்டாச்சு, அப்புறம் மூணு தலைமுறை நாம பாலை எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினோம். நம்ம பிள்ளைங்க வாயில வைக்க ஒரு துண்டு இல்ல.

இளையவளும் ஹாக்கிதான், சொன்னா கேக்கமாட்டா. முதல்ல கடையில 18 வெள்ளிக்கு, அதான் ரிங்கிட்டுக்கு, விக்கிற பல் காப்பை வாங்கிக் குடுத்தேன், சுடுதண்ணியில போட்டு மெதுவாக்கி கடிக்கறது. இவ பலமா கடிச்சு கடவாப்பல்லு பக்கம் காயிதம் மாதிரி ஆக்கிட்டா. லூசா இருக்கு, பல்லைக் கடிச்சுப் புடிச்சிக்கிட்டாதான் நிக்குது, வாயைத் திறந்து கத்தினா விழுது. கடைசியில சாக்ஸ்ல சொருகிக்கிட்டு ஆடிட்டு வந்தா.

அப்புறம்தான் ஈப்போ டாக்டரம்மாகிட்டயே போயி அளவெடுத்து செஞ்சோம். ஒரு தட்டுல கொழகொழன்னு மாவு மாதிரி ஒண்ணை நிரப்பி மேல் பல்லுல அமுக்கினாங்க, புள்ளைக்கு குமட்டிக்கிட்டு கண்ணுல தண்ணி, மூக்கால மூச்சு விடுடான்னு சொல்லி முடிச்சாங்க. அந்த அச்சுல வெள்ளைக் கல்லு மாவைக் கரைச்சு ஊத்தி பல்லு மாதிரியே ஒண்ணு எடுத்து, அது மேல ஈ.வி.ஏ.ங்கிற பிளாஸ்டிக் தகடை சூடு பண்ணி காத்தை இழுத்து ஒட்ட வைக்கறாங்க. அடுத்த தடவை போனப்ப ஓரத்தை வெட்டி, உதட்டுக்கு நடுவுல ஒரு நரம்பு மாதிரி இழுத்துப் புடிக்குது இல்ல, அந்த இடத்துக்கு மட்டும் பள்ளம் விட்டுக் குடுத்தாங்க. முன்பல்லுக்கு முன்னால மூணு மில்லிமீட்டர் கனம். கடிக்காமலே நிக்குது, தண்ணி குடிக்கறா, பாஸ்னு கத்தறா. 280 வெள்ளி. எனக்கு அது எத்தனை தோசைன்னு நீங்களே கணக்கு போட்டுக்குங்க. மவன் வாய்க்கு இதுவரைக்கும் ஆனதோட வச்சுப் பாத்தா அது காசே இல்ல.

வீட்டுக்காரரு ஒரு நாள் அதை காடி டேஷ்போர்டு மேல வெயில்ல வச்சிட்டுப் போயி நெளிஞ்சு போச்சு, திரும்ப ஒரு தடவை செஞ்சோம், அந்தக் கோவத்தை இங்க எழுத வேணாம். இப்ப பச்சைத்தண்ணியில சோப்பு போட்டு கழுவி ஓட்டை வச்ச டப்பாவுல வைக்கறா, ஈரத்தோட மூடி வச்சா நாறும், கிருமி சேந்து ஈறு புண்ணாகும். வளர்ற பிள்ளை, பல்லு இடம் மாறும், வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கணும். கம்பி போட்ட பிள்ளைங்களுக்கு இன்னும் அவசியம், அடி விழுந்தா உதடு கம்பியில கிழியும்.

ரெண்டு மாசம் முன்ன இவ வாயிலயும் மட்டை பட்டுச்சு. உதடு வீங்குச்சு, பல்லு ஒண்ணும் அசையல. அதைப் போட்டா எதுவுமே ஆகாதுன்னு நான் சொல்லல, மூளை அதிர்ச்சியைத் தடுக்கும்னு விக்கிறாங்களே, அதுக்கு உறுதியான ஆதாரம் கிடையாதுன்னு டாக்டரம்மாவே சொன்னாங்க. பல்லு, உதடு, நாக்கு, அதுக்குத்தான் இது. ஹாக்கி விதிப்புத்தகத்துல காலுக்கும் வாய்க்கும் காப்பு போடுங்கன்னு பரிந்துரை இருக்கு, கட்டாயம் இல்ல. குத்துச்சண்டையிலயும் டேக்வாண்டோலயும் கட்டாயம். இங்க முழங்காலுக்குக் கீழ ஷின்கார்டு இல்லாம எந்த கோச்சும் திடல்ல இறக்கமாட்டாரு. பந்து 156 கிராமுக்கு மேல, கல்லு மாதிரி, அது காலை மட்டும் தேடி வருமா?

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. அடுத்த போட்டி அட்டவணை போடுவீங்க இல்ல, அது பக்கத்துல ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு கட்டம். விழுந்தது நிலைப்பல்லுன்னா வாயில வெளியில தெரியற வெள்ளைப் பக்கத்தைப் புடிச்சு எடுங்க, வேரைத் தொடாதீங்க, தேய்க்காதீங்க, அழுக்கிருந்தா பால்ல லேசா அலசி அதே குழியில வச்சு துணியைக் கடிக்கச் சொல்லுங்க, முடியலன்னா பால்ல போடுங்க, எப்படியும் உடனே பல் டாக்டர்கிட்ட ஓடுங்க, பால்பல்லை மட்டும் திருப்பி வைக்காதீங்க. இவ்வளவுதான். இதை வெட்டாம போடுங்க ஐயா, மத்ததை வேணும்னா வெட்டிக்குங்க.

இப்படிக்கு,
ஒட்டுக்கடை அம்மா,
சுங்கை சிப்புட், பேராக்.

பின்குறிப்பு: பேரு போட வேணாம், மவன் கோவிச்சுக்குவான். படத்துல இருக்கற பையனோட அம்மா போன் பண்ணினா என் நம்பரைக் குடுங்க, உங்க ஆபீஸ்ல இருக்கு. பல்லைத் திருப்பி வச்சிருந்தா வலி இல்லன்னு செக்கப்பை விட்டுட வேணாம்னு சொல்லணும், நாங்க ரெண்டு தடவை விட்டோம்.