நாயைப் பிடித்த தெருவின் பெயரை எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 31 வருடம் தபால் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வேலையில் 2 முறை நாய்க்கடி பட்டு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால், தெருநாய் என்றாலே பயப்படுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஓய்வுக்குப் பிறகு, 6 வருடமாக எங்கள் பகுதியின் விலங்கு மீட்புக் குழுவில் இருக்கிறேன்.

எங்கள் தெருவில் செவலை என்று ஒரு பெட்டை நாய். வலையைக் கண்டால் ஓடிவிடும், நான் கூப்பிட்டால் வரும். கருத்தடைக்காக நாய் பிடிக்கும் வண்டி வந்தபோது நானே தூக்கிப்போய்க் கொடுத்தேன். "எந்தத் தெருன்னு எழுதிக்கோங்க தம்பி" என்றேன். "ஏரியா ஞாபகம் இருக்கு சார்" என்றார் வண்டியில் வந்தவர். நல்ல பையன், நாயை முரட்டுத்தனமாகப் பிடிக்கவில்லை. ஆனால் அன்று வண்டியில் 5 தெருக்களிலிருந்து பிடித்த 11 நாய்கள் இருந்தன. எத்தனையைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்?

ஒரு வாரம் கழித்து மற்ற நாய்கள் திரும்பி வந்தன, செவலை வரவில்லை. 3 நாள் தேடி, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் மார்க்கெட் பின்னால் கண்டுபிடித்தோம். காது நுனியில் கருத்தடை அடையாள வெட்டு இருந்தது. வயிற்றில் தையல் பிரிந்திருந்தது. தொடையில் அந்த இடத்து நாய்கள் குதறிய காயம். வால்கூட ஆட்டவில்லை, மெல்ல எழுந்து வந்து என் செருப்பை முகர்ந்து பார்த்தது. பிழைத்துக்கொண்டது, ஆனால் இன்னும் நொண்டுகிறது.

விதியில் குறை இல்லை. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், பிடித்த நாய்க்கு எண் போட்ட பட்டை மாட்டி, அந்த எண்ணைப் பிடித்த பதிவோடு ஒப்பிட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன. 2001 விதிகளும் அதே இடத்தில்தான் விடச் சொல்லின. காரணம் இருக்கிறது. வேறு இடத்தில் விட்ட நாயை அங்குள்ள நாய்கள் விரட்டும். இங்கே காலியான இடத்துக்கோ கருத்தடையும் தடுப்பூசியும் இல்லாத நாய் வந்து சேரும். வெறிநோய் பரவாமல் இருக்க ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்காவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். தடுப்பூசி போட்ட நாயே இடம் மாறிப்போனால் அந்தக் கணக்கை எப்படிப் பார்ப்பது?

உச்ச நீதிமன்றத்தின் 2025ஆம் ஆண்டு உத்தரவுகளையும் பாருங்கள். டெல்லி தெருநாய்கள் வழக்கில் 22.8.2025 அன்று, வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்ற நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னார்கள். 7.11.2025 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்றார்கள். இரண்டில் எதைச் செய்வதென்றாலும் நாயை எங்கே பிடித்தோம் என்று எழுதி வைத்திருக்க வேண்டுமே!

ஒரு பதிவுத் தபாலுக்கே ரசீது கொடுத்தோம், கையெழுத்து வாங்கினோம். உயிருள்ள நாய்க்கு அது வேண்டாமா? பிடித்த தெரு, தேதி, பட்டை எண் மூன்றையும் எழுதி, நகல் ஒன்றை அந்தப் பகுதி மீட்புக் குழுவுக்கு நகராட்சி கொடுக்க வேண்டும். நாயைத் திரும்ப விடும் தேதியை முந்தின நாளே போனில் சொல்ல வேண்டும். எங்களைப் போன்ற குழுக்களுக்கும் கட்டுப்பாடு தேவைதான். வண்டியை மறித்துச் சண்டை போடுவதையும், நாயை ஒளித்து வைப்பதையும் நான் பார்த்திருக்கிறேன், அது தவறு. கருத்தடைப் பணியைக் கவனிக்கும் உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவில் விலங்கு நல அமைப்புகளுக்கு இடம் உண்டு என்று விதியே சொல்கிறது. பேச வேண்டியதை அங்கே பேசலாம்.

ஆள் பற்றாக்குறை என்று அதிகாரிகள் சொல்கிறார்கள், அது உண்மையும்கூட. சரி, எங்கள் குழுவில் 7 பேர் இருக்கிறோம். காலை 6 மணிக்கு வண்டியோடு வந்து நாங்களே எழுதித் தருகிறோம். பதிவேட்டை மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்