நிறுத்திவைக்கப்பட்ட 7,460 வெள்ளியை விடுவிக்கக் கோரும் புகார்க் கடிதம்

அனுப்புநர்: தங்கள் தளத்தில் பதிவுபெற்ற கணக்குப் பதிவாளர், ஈசூன், சிங்கப்பூர்
பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைவர்
நாள்: 9 ஜூன் 2025

ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் உதவி கிடைக்கும் என்று தங்கள் நிறுவனம் விளம்பரம் செய்திருப்பதால் இக்கடிதத்தைத் தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் நான் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கெல்லாம் ‘தங்கள் விவரம் உரிய குழுவிடம் சேர்க்கப்பட்டுள்ளது’ என்ற ஒரே வாசகமே பதிலாக வந்தது. அந்த உரிய குழு எது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பிறருக்குக் கணக்கு எழுதித் தரும் வேலைகளைத் தங்கள் இணையத்தளத்தின் வழியாகப் பெற்றுச் செய்பவள் நான். ஏப்ரல் நடுப்பகுதியில் அத்தளத்தில் உள்ள என் கணக்கு ‘மறுஆய்வு’ நிலைக்கு மாற்றப்பட்டது. என் வாடிக்கையாளர்கள் வேலையை ஏற்றுக்கொண்டு செலுத்திய 7,460 வெள்ளி அன்றிலிருந்து தங்களிடமே இருக்கிறது. அந்த வேலை ஒவ்வொன்றிலும் 10 விழுக்காட்டுத் தரகுக் கழிவைத் தாங்கள் முன்கூட்டியே எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். கழிவு எடுக்கும்போது என் அடையாளத்தில் யாருக்கும் ஐயம் எழவில்லை.

சிக்கல் எங்கே தொடங்கியது என்பது தங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். என் அடையாள அட்டையில் என் பெயருக்கும் தந்தையின் பெயருக்கும் நடுவே, ‘இன்னாரின் மகள்’ என்பதைக் குறிக்கும் ‘டி/ஓ’ என்று ஒரு சாய்கோடு உண்டு. என் வங்கிக் கணக்கிலும் அப்படித்தான். தங்கள் படிவம் சாய்கோட்டை ஏற்பதில்லை; ஆகவே நான் பதிவு செய்த நாளில் படிவமே அதை நீக்கிவிட்டு என்னை ஏற்றுக்கொண்டது. இப்போது புதிய சரிபார்ப்பு முறை வந்ததும், வங்கியில் உள்ள பெயரும் தளத்தில் உள்ள பெயரும் பொருந்தவில்லை என்று அதே படிவம் என்னைத் தடுக்கிறது. இந்நாட்டில் எத்தனை தமிழர்களின் அடையாள அட்டையில் இந்தச் சாய்கோடு இருக்கிறது என்பதைச் சிங்கப்பூரில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

பெயரில் தொடங்கியது பெயரோடு நிற்கவில்லை. ஏப்ரல் 22ஆம் தேதி மாலை அரட்டைப் பெட்டியில் என்னுடன் பேசிய அலுவலர், பெயராக ஒற்றை ஆங்கில எழுத்தை மட்டும் காட்டியவர், பங்குதாரர் பட்டியலையும் இயக்குநர்களின் விவரத்தையும் நிறுவன அமைப்புச் சான்றிதழையும் கேட்டார். நான், தொழில்களையும் நிறுவனங்களையும் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவில் தனி உரிமையாளராகப் பதிவு செய்தவள். தனி உரிமையாளர் தொழிலுக்குப் பங்குகள் கிடையாது, இயக்குநர்கள் கிடையாது, உரிமையாளரிடமிருந்து தனித்து நிற்கும் சட்ட வடிவமும் கிடையாது. அக்ரா தரும் தொழில் விவரக்குறிப்பில் இவை அனைத்தும் தெளிவாக இருக்கின்றன. அதை அனுப்பியும் விட்டேன். அடுத்து ஜிஎஸ்டி பதிவு எண்ணைக் கேட்டார். ஆண்டு வரவு பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் அந்தப் பதிவு கட்டாயம் என்பது கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்குத் தெரியும். பணம் கையாளும் நிறுவனத்தின் அலுவலருக்குத் தெரியவில்லை. நான் அத்தனை வரவு பார்ப்பவளாக இருந்தால் 7,460 வெள்ளிக்காக அந்த அரட்டைப் பெட்டியின் முன் பொழுது சாய உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அவர் கடைசியாகச் சொன்னதை அப்படியே தருகிறேன்: “வீட்டிலிருந்து செய்வதையெல்லாம் தொழில் என்று சொல்லிக்கொள்கிறீர்கள். உண்மையான நிறுவனம் என்றால் பங்குதாரர் பட்டியல் இருக்கும்.” நான் பதில் எழுதி முடிப்பதற்குள் உரையாடலை மூடிவிட்டார். மறுநொடியே, இன்றைய சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று திரை கேட்டது. வீட்டு முகவரியில் அலுவலகம் நடத்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) ஒப்புதல் பெற்று, ஆண்டுதோறும் வருமான வரி செலுத்தி, சுயதொழில் செய்வோருக்குரிய மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புத் தொகையையும் கட்டி வருபவளிடம் பேசும் பேச்சா அது? தங்கள் விளம்பரத்தில் மடிக்கணினியுடன் சமையலறை மேசையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் யாராவது பங்குதாரர் பட்டியல் கேட்டார்களா?

வேறொரு அலுவலர், அவர் மரியாதையாகத்தான் பேசினார் என்பதைச் சொல்லியாக வேண்டும், மூல ஆவணங்களுடன் தஞ்சோங் பகார் அலுவலகத்திற்கு நேரில் வந்தால் அன்றே முடித்துத் தருவதாகச் சொன்னார். ஒரு வேலை நாளை விட்டுவிட்டு, ஈசூனிலிருந்து எம்ஆர்டி ரயிலில் ஏறி, ராஃபிள்ஸ் பிளேஸில் மாறி, கொட்டும் மழையில் போய்ச் சேர்ந்தேன். அது பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் ஓர் அலுவலக மாடி. தங்கள் நிறுவனம் அங்கே முகவரியை மட்டுமே வாடகைக்கு எடுத்திருப்பதாகவும், வரும் கடிதங்களை எப்போதாவது ஒருவர் வந்து எடுத்துச் செல்வதாகவும் வரவேற்பாளர் சொன்னார். அவர் மீது எனக்குக் குறையில்லை; நனைந்து வந்த எனக்கு உட்கார இடமும் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். தங்கள் ஊழியருக்குத் தங்கள் அலுவலகத்தில் ஆள் இல்லை என்பது தெரியாதா? தெரிந்தே என்னை அலைக்கழித்தாரா?

இதற்கிடையில் என் தொழிலுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் பதிவுபெற்ற வரி முகவர் ஒருவருக்காக நான் கணக்குப் பதிவு செய்துகொண்டிருந்தேன். அங்கே மார்ச்சில் முடியும் காலாண்டுக்கான அறிக்கையை ஏப்ரல் 28க்குள் தாக்கல் செய்ய வேண்டும். அவருடைய ரசீதுகளும் வங்கி அறிக்கைகளும் தங்கள் தளத்துக்குள் இருந்தன. நான் உள்ளே நுழைய முடியவில்லை. போதாக்குறைக்கு, என் பக்கத்தைத் திறப்பவர்களுக்கெல்லாம் ‘இவரது அடையாளம் உறுதி செய்யப்படவில்லை’ என்ற சிவப்பு அறிவிப்பு. பிறருடைய வங்கிக் கணக்கைப் பார்த்து வேலை செய்பவளின் நெற்றியில் இதைவிடப் பெரிய கறையை யாராலும் பூச முடியாது. மாதம் 850 வெள்ளி தந்த அந்த முகவர் வேறு ஆளைத் தேடிக்கொண்டார். அவர் இன்னும் ஓராண்டாவது என்னிடம் இருந்திருப்பார் என்பதில் ஐயமே இல்லை. ஆக 10,200 வெள்ளி. என் நேரத்துக்கும் மன உளைச்சலுக்கும் 2,300 வெள்ளி, அதுவும் குறைத்துத்தான் போட்டிருக்கிறேன். நிறுத்திய பணத்தையும் சேர்த்தால் மொத்தம் 19,960 வெள்ளி.

சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே 20,000 வெள்ளி வரை கோரலாம் என்பதைத் தங்கள் சட்டப் பிரிவு அறிந்திருக்கும். அவ்வளவு தூரம் போக எனக்கு விருப்பமில்லை. இத்தளத்தால் நான் வருமானம் பெற்ற காலம் உண்டு; அதற்கு நன்றியும் உண்டு. பெயரைச் சரிசெய்து, அந்தச் சிவப்பு அறிவிப்பை நீக்கி, 7,460 வெள்ளியை முழுமையாக அனுப்பினால், மற்ற தொகையைப் பற்றிப் பேசித் தீர்த்துக்கொள்ள நான் தயார்.

இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் அது நடக்காவிட்டால், பிறர் பணத்தை வைத்திருக்கத் தங்களிடம் 2019ஆம் ஆண்டின் கட்டணச் சேவைகள் சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்று சிங்கப்பூர் நாணய ஆணையத்துக்கு எழுதிக் கேட்பேன். உரிமம் பெற்றோர் பட்டியல் அதன் இணையத்தளத்தில் எல்லாரும் பார்க்கும்படியே இருக்கிறது. மேலும், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் என்னைப் பற்றித் தாங்கள் வைத்திருக்கும் தகவல்களை இக்கடிதத்தின் வழியாகவே கோருகிறேன். ஏப்ரல் 22ஆம் தேதி உரையாடலின் முழுப் பதிவும் அதில் இருக்க வேண்டும். அது ‘கிடைக்கவில்லை’ என்ற பதிலை ஏற்க மாட்டேன். என் திரையின் படங்கள் என்னிடம் பத்திரமாக உள்ளன.

பதிலை மின்னஞ்சலில் அனுப்பினால் போதும். அனுப்புபவர் தம் முழுப் பெயரையும் பதவியையும் அதில் குறிப்பிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தளத்தில் பதிவுபெற்ற தனி உரிமையாளர்

இணைப்பு: அக்ரா தொழில் விவரக்குறிப்பு, வங்கி அறிக்கையின் முதல் பக்கம், அரட்டைத் திரைப்படிகள்